இந்த அழகுக்கு மூலப்பத்திரம் எங்கே?

வேம்பநாட்டுக் காயல் ஓரமாக சைக்கிள் விட வாங்க என்று கூப்பிடுகிறார்கள். வழிவரைபடமும் தருகிறார்கள். கோட்டயத்திலிருந்து குமரகம், அங்கிருந்து வெச்சூர் வழியாக வைக்கம், மொத்தமே 35 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன. நடுவில் இடதுபக்கம் திரும்பி தண்ணீர்முக்கம் அணைமேல் ஏறினால் அக்கரை ஆலப்புழை மாவட்டம். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, மூச்சு வாங்காது. விடிகாலைப் பனி, வாத்துக் கூட்டம், தென்னை நிழல், கள்ளுக்கடை, கரிமீன் என்று எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறார்கள். இந்தச் சமநிலத்தை யார் சமமாக்கினார்கள், இந்தச் சாலையில் யார் நடக்கக்கூடாது என்று இருந்தது என்ற இரண்டு விஷயம் மட்டும் அதில் இல்லை.

நான் கவிதை எழுதுகிறவன். சோறு போடுவது வங்கிக் குமாஸ்தா வேலை. நிலத்தின் பேரில் கடன் கேட்டு ஒருத்தர் வந்தால் நாங்கள் முதலில் கேட்பது மூலப்பத்திரம். அடுத்து வில்லங்கச் சான்று. நிலம் எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் சரி, இந்த இரண்டு காகிதமும் இல்லாமல் பைசா பெயராது. ‘இயற்கை அழகு’ என்று ஒன்றை நம் முன்னால் விரித்துக் காட்டி ரசிக்கச் சொல்கிறவர்களிடமும் அதையேதான் கேட்கிறேன். இந்த அழகுக்கு மூலப்பத்திரம் எங்கே? இதன்மேல் வில்லங்கம் என்ன?

*

முதலில் மூலப்பத்திரம்.

குட்டநாட்டு வயல்கள் கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கின்றன. சைக்கிளில் போகிறவன் கண்ணுக்கு ஒருபக்கம் காயல் மேலே நிற்கும், மறுபக்கம் நெல் கீழே நிற்கும். இந்த அதிசயத்துக்காகத்தான் 2013இல் உலக உணவு வேளாண்மை நிறுவனம் குட்டநாட்டு விவசாய முறையை உலகப் பாரம்பரியம் என்று அங்கீகரித்தது. ஆனால் இது இயற்கை தந்த அதிசயம் இல்லை. காயலுக்குள் இரண்டு வரிசையாகத் தென்னந்தடிகளை அடித்து இறக்கி, மூங்கில் தட்டி கட்டி, நடுவில் மணலும் தழையும் போட்டு, காயலின் அடியில் முங்கிக் கட்டிகட்டியாகச் சேற்றை வெட்டி எடுத்துவந்து நிரப்பிக் கரை எழுப்பினார்கள். கரைக்குள் மாட்டிய தண்ணீரை வெளியே தள்ள மரச் சக்கரம் வைத்தார்கள். பலகைப் படியில் உட்கார்ந்து காலால் மிதிக்க வேண்டும். ராத்திரி பகலாக, நாள் கணக்காக மிதிக்க வேண்டும். மலையாளத்தில் இதற்கு சக்கரம் சவிட்டுதல் என்று பெயர். எஞ்சின் வந்து சேரும்வரை குட்டநாட்டை உலரவைத்தது மனுசன் கால்தான்.

யாருடைய கால்? புலையர், பறையர் கால்.

காயலைத் தரையாக்கினவர்கள் என்று முதலாளிகள் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. 1940களில் முரிக்கன் எழுப்பிய மூன்று பெரிய காயல் நிலங்களுக்கு சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று பெயர். மூன்றும் திருவிதாங்கூர் அரச குடும்பத்துப் பெயர்கள். முங்கிச் சேறெடுத்தவன் பெயர் ஒரு துண்டு வயலுக்குக்கூட இல்லை. கரை நிற்காமல் உடைந்துகொண்டே இருந்தபோது கூலியாட்களை உயிரோடு உள்ளே வைத்துக் கரை கட்டினார்கள் என்று அந்த மக்களிடம் வாய்மொழிக் கதைகள் இன்னும் இருக்கின்றன. ஆவணம் இருக்கிறதா என்று வரலாற்றாசிரியர்கள் கேட்பார்கள். எழுதத் தெரிந்தவன் ஒருபக்கம், கரைக்குள் போனவன் இன்னொரு பக்கம். ஆவணம் எந்தப் பக்கம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

பத்திரமே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்துப் பிரகடனம் வந்தது 1855இல். அதுவரைக்கும் புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்தும் தனியாகவும் விற்கப்பட்டார்கள், அடகு வைக்கப்பட்டார்கள். பத்திரம் இருந்தது தோழர்களே. அதில் நம்ம ஆட்கள் சொந்தக்காரர்களாக இல்லை, சொத்தாக இருந்தார்கள்.

சரி, அது அந்தக் காலம், பிறகு நிலச்சீர்திருத்தம் வந்துவிட்டதே என்பார்கள். வந்தது. 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிந்தது. குத்தகைக்காரர்களுக்கு நிலம் கிடைத்தது. சேற்றில் இறங்கின கூலிக்காரன் யாரிடமும் குத்தகைக்காரனாக இருந்ததில்லை, இருக்க விட்டதில்லை. ஆகவே அவனுக்குக் குடிகிடப்பு உரிமை மட்டும். குடிசை இருந்த இடத்தைச் சுற்றி பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், பெரிய நகரத்தில் 3 சென்ட். காயலையே வயலாக்கினவனுக்கு 10 சென்ட்! அந்த 10 சென்ட்டும் பெரும்பாலும் கரைமேல், தண்ணீர் முதலில் ஏறுகிற இடத்தில். 2018 வெள்ளத்தில் குட்டநாட்டு மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேற்றப்பட்டார்களே, அப்போது கரைமேல் வீடு இருந்தவன் கதி என்ன என்று வழிவரைபடம் போடுகிறவர் ஒருநாளும் கேட்கப் போவதில்லை. அவருக்கு அந்த வீடு ஒரு ‘வியூ’. காயலைப் பார்த்த ஓட்டல் அறைக்கு வாடகை ஒன்று, தோட்டத்தைப் பார்த்த அறைக்கு வாடகை வேறு. பார்வைக்கே விலை போட்டு விற்கிற ஊரில், பார்க்க இந்த நிலத்தை உண்டாக்கிக் கொடுத்தவனுக்குப் பங்கு இல்லை.

*

அடுத்தது வில்லங்கம்.

கேரளம் கடவுளின் சொந்த நாடாம். எந்தக் கடவுள்? வைக்கத்து மகாதேவர் கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் தெரு. கோயிலுக்குள்ளே போவது பற்றிய பேச்சே இல்லை, வெளியே இருக்கிற பொதுச் சாலை. அதில் கிறிஸ்தவர் போகலாம், முஸ்லிம் போகலாம், நாய் போகலாம், மாடு போகலாம். ஈழவரும் புலையரும் போகக்கூடாது. தீண்டல் பலகை நட்டு வைத்திருந்தார்கள். 1924 மார்ச் 30ஆம் தேதி மூன்று பேர் அந்தப் பலகையை நோக்கி நடந்தார்கள். குஞ்ஞாப்பி புலையர், பாகுலேயன் ஈழவர், கோவிந்தப் பணிக்கர் நாயர். மூன்று பேரையும் பிடித்தார்கள். மறுநாளிலிருந்து வேறு வேறு ஆட்கள். அந்த வருச வெள்ளத்தில் சாலை மூழ்கியபோதும் தொண்டர்கள் தண்ணீருக்குள் நின்றார்கள். ராமன் இளயதின் கண்ணில் சுண்ணாம்பு தடவினார்கள். ஆமச்சாடி தேவன் என்ற புலையரின் கண்ணிலும் சுண்ணாம்பு.

நமக்குப் பெரியார் தெரியும். 1924 ஏப்ரலில், தலைவர்கள் வரிசையாக ஜெயிலுக்குப் போய்விட்ட நேரத்தில் வந்தார். இரண்டு முறை சிறை. நாகம்மையாரும் வந்து நின்றார். தமிழ்நாட்டிலிருந்து இந்தச் சாலைக்குப் போகிற எவனுக்கும் அது பெருமைதான், எனக்கும்தான். 2024 டிசம்பர் 12இல் அங்கே பெரியார் நினைவகத்தைப் புதுப்பித்து இரண்டு முதல்வர்களும் திறந்து வைத்தார்கள். நல்லது. ஆனால் நினைவகத்து வாசலில் சைக்கிளைச் சாய்த்துவைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ‘நம்ம ஆளு வந்து ஜெயிச்சுக் கொடுத்துட்டுப் போனாரு’ என்று திரும்பிவிடுகிறவர்களிடம் எனக்குச் சண்டை இருக்கிறது. முதல் நாள் முதல் வரிசையில் நடந்த குஞ்ஞாப்பியின் பெயர் உங்கள் வாயில் ஏன் வரவில்லை? ஜெயித்தது எவ்வளவு என்றாவது தெரியுமா?

1925 பிப்ரவரியில் திருவிதாங்கூர் சட்டசபையில் சாலையைத் திறக்கச் சொல்லும் தீர்மானம் 21க்கு 22 என்று ஒரே ஓட்டில் தோற்றது. அடுத்த மாதம் காந்தி வந்தார். இண்டந்துருத்தி மனையின் நம்பூதிரியிடம் பேசப் போனார். காந்தி பிராமணர் இல்லையல்லவா? மனைக்குள்ளே விடாமல் வெளியே உட்காரவைத்துப் பேசினார்கள். மகாத்மாவுக்கே திண்ணைதான். அந்த நவம்பரில் போராட்டம் முடிந்தபோது வடக்கு, தெற்கு, மேற்கு மூன்று பக்கத்துச் சாலை திறந்தது. கிழக்குப் பக்கம் மூடியே இருந்தது. கோயில் திறக்க 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாலில் மூன்று என்பது வெற்றியா, சமரசமா என்று படிப்பு வட்டங்களில் நீங்கள் விவாதியுங்கள். எனக்குத் தோன்றுவது இதுதான். சாலையில் முக்கால் பங்கு கொடுத்தவன் கால் பங்கு தீண்டாமையைக் கையில் வைத்துக்கொண்டான்.

கிழக்குச் சாலைக்கு இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. தளவா வேலுத்தம்பி காலத்தில் அந்த வழியாக நடக்கப் புறப்பட்ட ஈழவ இளைஞர்களை வெட்டிக் குளத்தில் போட்டார்கள், அதனால்தான் அது தளவாக்குளம் என்று வைக்கத்துச் சனங்கள் சொல்கிறார்கள். குளம் தூர்ந்துபோய் இப்போது பஸ் நிற்கிறது. எந்த சைக்கிள் வழிவரைபடத்திலாவது அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்களா? கரிமீன் கிடைக்கிற கடைக்குப் புள்ளி இருக்கிறது.

*

‘என்ன சார், சைக்கிள் ஓட்டுறதிலயுமா சாதியைத் தேடுவீங்க?’ என்று என் பக்கத்து மேசைக்காரர் கேட்டார். நான் எங்கே சார் தேடினேன்? அதுதான் எங்களைத் தேடி வந்து சைக்கிளிலிருந்து இறக்கிவிட்டது.

எங்கள் ஊரில் மேலத்தெரு முக்கு வந்ததும் எங்கப்பா சைக்கிளை விட்டு இறங்குவார். தள்ளிக்கொண்டே நடப்பார். கேரியரில் உட்கார்ந்திருக்கிற நானும் இறங்கி நடக்கணும். தெரு முடிந்ததும் மறுபடி ஏறுவார். டயர் பஞ்சர் ஆகவில்லை, செயின் கழறவில்லை. அந்தத் தெருவில் நாங்கள் உயரத்தில் உட்கார்ந்து போகக்கூடாது, அவ்வளவுதான். தென்மாவட்டத்துச் சேரிகளில் என் வயசுக்காரர்கள் பலருக்கு இது சொந்தக் கதை. வைக்கத்தில் மகாதேவர் தெரு திறந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1989இல், மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் மக்கள் வரக்கூடாது என்று சுவர் எழுப்பினார்கள். 2008 மே மாதம்தான் அதில் ஒரு பகுதியை இடித்து வழி விட்டார்கள். வைக்கத்தைக் கொண்டாடுகிற தமிழன் உத்தபுரத்தையும் சேர்த்துச் சொல்லணும். சொல்லாவிட்டால் அது கொண்டாட்டம் இல்லை, மறைப்பு.

ஆகவே சாலை என்பது எல்லாருக்கும் ஒரே பொருள் இல்லை. ஒருநாளும் சாலை மறுக்கப்படாதவனுக்கு அது இயற்கைக் காட்சி. நமக்கு அது போராடி வாங்கின சொத்து. அதனால்தான் 1893இல் வெங்ஙானூரில் அய்யங்காளி, மாடு பூட்டிய வில்லுவண்டி ஒன்றை விலைக்கு வாங்கி, மணி கட்டி, பொதுச் சாலையில் ஓட்டிப் போனார். எங்கேயோ போய்ச் சேர வேண்டிய அவசரத்தில் இல்லை. புலையன் வண்டியில் உட்கார்ந்து போவதை எல்லாரும் பார்க்கணும், அதுக்காக. அடி விழுந்தது. திருப்பிக் கொடுத்தார். நோட்டீசில் எழுதுகிறார்களே, ‘சும்மா ஒரு ரைடு’ என்று, அது நம் வரலாற்றில் கிடையாது. நம்ம ஆள் சும்மா ஏறினாலே அது கலகம்தான்.

நம் பக்கத்துத் தோழர்களும் ஒன்று சொல்வார்கள். இந்த சைக்கிள் பயணமெல்லாம் ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்ட நடுத்தர வர்க்கத்துப் பொழுதுபோக்கு, நமக்கு எதுக்கு என்று. நமக்குத்தான் வேணும். போஸ்டர் ஒட்டினது சைக்கிளில். பசை வாளி தொங்கினது அதன் ஹேண்டில்பாரில். இரவுப் பாடசாலைக்கும், வழக்கு வாய்தாவுக்கும், செத்த வீட்டுக்குச் சேதி சொல்லவும் போனது சைக்கிள். சைக்கிளை மேட்டுக்குடியிடம் விட்டுவிட்டு வந்தால் சாலையையும் சேர்த்து விட்டுவிட்டு வந்ததாகத்தான் அர்த்தம்.

*

நிலத்தில் இடம் தராதவர்களை இந்தக் காயல் ஒருமுறை ஏமாற்றியிருக்கிறது. அதையும் சொல்லணும்.

1913இல் எர்ணாகுளத்தில் புலையர்கள் கூட்டம் போட வேண்டும். எந்த மண்ணில் போடுவது? மண்ணெல்லாம் அரசனுடையது, கோயிலுடையது, ஜன்மிகளுடையது. கால் வைத்தால் தீட்டு. ‘சாதிக்கும்மி’ எழுதிய பண்டித கருப்பன் போன்றவர்கள் முன்னின்று, வள்ளங்களைக் காயலுக்குள் கொண்டுபோய் ஒன்றோடொன்று பிணைத்து, மேலே பலகை பரப்பி, அதன்மேல் மாநாடு நடத்தினார்கள். காயல் சம்மேளனம் என்று பெயர். அதிலிருந்துதான் கொச்சிப் புலையர் மகாசபை வந்தது. எதிரே முளவுகாடு தீவு. 1912இல் அங்கே பிறந்த தாட்சாயணி வேலாயுதன்தான் பின்னால் அரசியல் நிர்ணய சபைக்குப் போன ஒரே தலித் பெண். உலகத்தில் எந்த ஏரிக்கும் இப்படி ஒரு பெருமை இருக்கிறதா என்று எனக்குக் காட்டுங்கள். வழிவரைபடக்காரர்களுக்கு இது தெரியாதா? சூரிய அஸ்தமனம் மட்டும்தான் தெரியுமா?

*

நாலு நாள் லீவு போட்டுத் தோழர்கள் மூன்று பேரோடு அந்தப் பக்கம் மிதித்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். வெறுமனே திட்டிவிட்டுப் போவதில் பிரயோசனம் இல்லை. இதோ நம்ம வழி. மாணவர்கள், படிப்பு வட்டங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள், சங்ஙனாச்சேரியிலிருந்து ஆலப்புழை, 24 கிலோமீட்டர். குட்டநாட்டைக் குறுக்கே வெட்டிப் போகிற சாலை. வெள்ளத்துக்குப் பிறகு மேம்பாலங்கள் போட்டு உயர்த்தியிருக்கிறார்கள். சாலையை உயர்த்தியாகிவிட்டது, கரைமேல் வீடுகள் அதே மட்டத்தில்தான் இருக்கின்றன. பாலத்தின்மேல் நின்று இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நெடுமுடி பக்கம் இறங்கிக் காயல் நிலத்துக் கரைகளில் நடங்கள். சித்திரை எது, மார்த்தாண்டம் எது என்று கேட்கும்போதே, சக்கரம் மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள் யார் என்றும் கேளுங்கள். நீங்கள் பெடல் மிதித்துப் போகிற ஊர் மிதித்தே உண்டான ஊர் என்பது கால் வலிக்கிறபோது இன்னும் நன்றாகப் புரியும்.

இரண்டாம் நாள், ஆலப்புழையிலிருந்து முகம்ம. அங்கே அரசாங்கப் படகு பிடித்துக் காயலைக் கடந்தால் குமரகம். இந்தப் பக்கமெல்லாம் 1946 அக்டோபரில் புன்னப்ர-வயலாரில் சுட்டுக் கொல்லப்பட்ட கயிற்றுத் தொழிலாளிகளும் கூலிகளும் நடந்த மண். குமரகத்திலிருந்து வடக்கே போகும்போது தண்ணீர்முக்கம் அணையில் நில்லுங்கள். நெல்லுக்கு உப்புத் தண்ணீர் ஏறாமல் இருக்க 1970களில் கட்டினது. அடைக்கிற மாதங்களில் தண்ணீர் ஓட்டமில்லாமல் பாசியும் ஆகாயத்தாமரையும் அடைகிறது, மீனும் கறுத்த சிப்பியும் குறைகிறது என்று சிப்பி வாருகிறவர்கள் சொல்கிறார்கள். வயல்காரன் மூடச் சொல்கிறான், மீன்காரன் திறக்கச் சொல்கிறான். அழகு என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை சண்டை இருக்கிறது.

மூன்றாம் நாள் வைக்கம். நாலு தெருவையும் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தபடியே சுற்றுங்கள். மூன்றைச் சுற்றிவிட்டு வந்துவிடாதீர்கள், கிழக்குத் தெரு முக்கியம். பிறகு இண்டந்துருத்தி மனை. காந்தியை வெளியே உட்காரவைத்த அதே வீடு இப்போது கள்ளிறக்கும் தொழிலாளர் சங்க அலுவலகம். நானும் உள்ளே போய் நின்றேன். சில சமயம் வரலாற்றுக்கும் நக்கல் தெரியும்.

நாலாம் நாள், பூத்தோட்ட வழியாக எர்ணாகுளம், இன்னொரு 35 கிலோமீட்டர் சொச்சம். பூத்தோட்டயில் ஆமச்சாடி தேவனை நினையுங்கள். எர்ணாகுளத்துக் கரையில் நின்று, எந்த இடத்தில் அந்த வள்ளங்களைக் கட்டியிருப்பார்கள் என்று பாருங்கள். முளவுகாட்டுக்கு இப்போது பாலம் இருக்கிறது, சைக்கிளிலேயே போகலாம்.

மூன்று விதி உண்டு. வயலில் வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதே. நிற்கிற ஒவ்வொரு இடத்திலும், அங்கே நடந்ததை ஒருத்தர் உரக்கச் சொல்லணும், நாலு பேர் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும். ஊர் திரும்பினதும் உன் மாவட்டத்தில் எந்தத் தெருவில் இன்னும் ஆள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள், எந்தப் பாதையில் சுவர், எந்தச் சுடுகாட்டுக்குச் சாலை இல்லை என்று இதேபோல ஒரு வரைபடம் போட்டு இந்தப் பத்திரிகைக்கு அனுப்பு. பக்கம் ஒதுக்குவது ஆசிரியர் குழுவின் பொறுப்பு.

அழகை வெறுக்கச் சொல்லவில்லை. காயல் அழகுதான். விடிகாலையில் அந்தக் கரைமேல் போகும்போது நெஞ்சு நிறைகிறது. அதில் நமக்குப் பங்கு இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். பிச்சையாகப் பார்த்துவிட்டு வர வேண்டியதில்லை. பங்காளியாகப் போய், மணி அடித்துக்கொண்டு, தெருவின் நடுவில் விடுவோம் சைக்கிளை.